பாட்டுக்கு நடுவே ஒரு பெயர்

மிலூத் மார்சேய் கப்பலில் ஏறிப் போனதும், அவனுடைய சின்தசைசர் என்கிற மின்சார வாத்தியப் பெட்டி கம்பளியில் சுற்றப்பட்டு அக்கா முக்தாரியாவின் கட்டிலடியில் கிடந்ததும், “அதைத் தொடாதே” என்று அவள் கணவன் ஹபீப் சொன்னதும், சொன்ன வாரமே அவள் தொட்டுவிட்டதும் நமக்குத் தெரியும். தொட்டதோடு அவள் நிற்கவில்லை என்பதும் தெரியும்.

அந்தக் கோடையில் ஒரான் நகரத்தில் கல்யாணங்கள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தன. மார்க்கத்தின் பேரைச் சொல்லி மலையில் துப்பாக்கியோடு இருந்தவர்கள் பாட்டு கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொல்லோடு நிற்பவர்கள் அல்லர். வாசிக்கிற ஆண்களில் பாதிப் பேர் கடல் தாண்டிவிட்டார்கள். மீதிப் பேர் விரல்களைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு நடந்தார்கள்.

முக்தாரியா பெண்கள் மட்டும் கூடும் கல்யாண அறைகளில் ஒரு குழுவோடு தப்ஸ் என்கிற கைப்பறை அடித்தவள். வசந்தத்தோடு அந்தக் குழுவும் கலைந்துவிட்டது. தப்ஸை வீட்டில் அடிக்க முடியாது. சுவருக்குச் சுவர் கேட்கும். ஆனால் சின்தசைசருக்கு ஒரு குணம் உண்டு. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் அது ஊமை. உள்ளே ஒரு கல்யாணமே நடக்கும். வெளியே விரல் நுனிகள் பிளாஸ்டிக்கில் தட்டும் ஓசை மட்டும் கேட்கும். முதல் தடவை கேட்டபோது ஹபீப் எலி என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

ஆரம்பத்தில் அவளுக்கு எதுவும் சரியாக வரவில்லை. அவள் பாடிப் பழகிய மெட்டுகள் அந்தக் கட்டைகளில் உட்கார மறுத்தன. வெள்ளைக் கட்டையை அழுத்தினால் சுரம் மேலே நின்றது. கறுப்பை அழுத்தினால் கீழே போய்விட்டது. அவளுக்கு வேண்டிய சுரம் இரண்டுக்கும் நடுவில், கதவிடுக்கில் நிற்கிற குழந்தை மாதிரி ஒளிந்திருந்தது. பெட்டியின் ஓரத்தில் மிலூத் சிவப்பு நகச்சாயம் தொட்டு வைத்திருந்த ஒரு பொத்தானை அவள் அழுத்திப் பார்த்த நாளில்தான் அந்தச் சுரம் வெளியே வந்தது. முக்தாரியா அன்று ஹெட்போனைக் கழற்றாமலே அழுதாள்.

பிறகு கேசட் போடுகிற லார்பி வந்தான். மிலூத்தின் பழைய கூட்டாளி. சந்தையில் புதுப் பாட்டே இல்லை, அலமாரிகள் காலியாக இருக்கின்றன, முக்தாரியா வாசித்தால் பதிந்து விற்கலாம் என்றான். ஹபீப் மூன்று இரவு யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

“பேர் வெளியே வரக் கூடாது. உன் பேரு, என் பேரு, இந்தச் சந்தோட பேரு, எதுவும்.”

அட்டையில் ஒரு ரோஜாப் படம் மட்டும் போடுவதாக லார்பி சத்தியம் செய்தான்.

மெத்தையை ஜன்னலில் சாய்த்து வைத்துப் பதிவு நடந்தது. தாளத்தையும் அடிநாதத்தையும் ஒரு டேப் ரிக்கார்டரில் பதிந்து, அதை ஓடவிட்டு, அதன்மேல் மெட்டை வாசித்து, எல்லாவற்றையும் இன்னொரு ரிக்கார்டரில் பிடித்தார்கள். பாடியது ஹபீபின் தங்கை பத்ரா. கல்யாண வீடுகளில் பெயர் கூவுகிறவள் அவள். பாட்டு இது யாருக்காக, எந்தச் சந்துக்காக, எந்தத் தாயின் மகனுக்காக என்று பாட்டுக்கு நடுவே கூவி அறிவிப்பதுதான் அவள் தொழில். வெளியே கேட்கக் கூடாதே என்று மைக்கோடு சேர்த்துத் தலையைக் கம்பளிக்குள் நுழைத்துக்கொண்டு, அடித்தொண்டையில், ரகசியம் சொல்வதுபோலப் பாடினாள்.

இதெல்லாம் போன வாரம் வரைக்கும் நடந்த கதை.

●

திங்கட்கிழமை காலை முக்தாரியா கரந்திக்கா கடை வரிசையில் நின்றாள். சுடச்சுட வெந்த கடலைமாவை ரொட்டிக்குள் வைத்து மிளகாய் விழுது தடவிக் கொடுக்கிற கடை. வெள்ளைப் போர்வையின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். ஓரமாக ஒரு டாக்சி வந்து நின்றது. ஜன்னல் இறங்கியிருந்தது.

அவளுடைய சுரம் வெளியே வந்தது.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அந்த ஒளிந்த சுரம் அவள் நினைத்த இடத்தில் வந்து, நினைத்த அளவு தாழ்ந்து, நின்றது. டாக்சிக்காரன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். ஒரு வினாடி அந்தத் தெருவே தன் வீட்டுக் கட்டிலடியிலிருந்து புறப்பட்டு வந்ததுபோல அவளுக்கு இருந்தது.

அப்புறம் பத்ராவின் குரல், காதோடு காதாக:

“இது அல்-ஹம்ரி ஜனங்களுக்கு... மாலுமி சந்துக்கு... கடல் தாண்டிப் போன மிலூத்துக்கு... அவன் பெட்டிய அழ வைக்கிற முக்தாரியா விரலுக்கு...”

கடைக்காரர் கத்தியைத் தட்டில் வைத்தார். “யாருப்பா இது, புதுசா இருக்கு?”

“எவளோ,” என்றான் டாக்சிக்காரன். “நல்லா வாசிக்கிறா. சாக அவசரம் போல.”

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு கிழவர் சிரிக்கவில்லை. “வால்யூமைக் குறைடா பையா,” என்று மட்டும் சொன்னார்.

“உனக்கு எத்தனை வைக்கட்டும் தாயி?” என்று கடைக்காரர் முக்தாரியாவைக் கேட்டார்.

வாயைத் திறந்தால் போர்வை நழுவும். போர்வை நழுவினால் முகம் தெரியும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வரிசையிலிருந்து விலகினாள். ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

●

பத்ரா சமையலறையில் தண்ணீர்க் கேன்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் வந்தால் உலகமே நின்றாலும் அவள் கேனை விட மாட்டாள்.

“பத்ரா, நீ என் பேரைச் சொல்லியிருக்கே.”

“யார்கிட்ட?”

“பாட்டுல.”

“போங்க அண்ணி. காலங்காத்தால பயமுறுத்தாதீங்க.”

லார்பி கொடுத்துப் போயிருந்த கேசட்டைப் போட்டார்கள். ஹெட்போனின் ஒரு காது இவளுக்கு, ஒரு காது அவளுக்கு. தலையோடு தலை முட்டிக்கொண்டு கேட்டார்கள். பெயர் வந்த இடத்தில் பத்ராவின் கை தானாகத் தன் வாயைப் பொத்தியது. பின்னால் கேன் நிரம்பித் தரையெல்லாம் வழிந்தது. இருவரும் எழவில்லை.

“நானா சொன்னேன்?”

“பின்னே உன் ஆவியா?”

“சத்தியமா ஞாபகமில்ல அண்ணி. ரெண்டு தடவை போட்டுக் கேட்டோமே. நீங்களும்தானே இருந்தீங்க.”

கேட்டார்கள்தான். முக்தாரியா அந்தத் தாழ்ந்த சுரத்தை மட்டும் கேட்டாள். பத்ரா தன் குரல் நடுங்குகிறதா என்று மட்டும் கேட்டாள். பெயர் கூவாத பாட்டை இருவரும் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பாட்டுக்கு நடுவே பெயர் வந்தால் அது மூச்சு வாங்குகிற சத்தம் மாதிரி. யார் அதைக் கவனிப்பார்கள்?

“நான் வாசிக்கும்போது எனக்கு உன் குரலே கேக்கல,” என்றாள் முக்தாரியா. “ஹெட்போன்ல பெட்டி சத்தம் மட்டும்தான் வந்துச்சு.”

“பேர் சொல்லாம எப்படி அண்ணி அடுத்த அடிக்குப் போறது? நாக்கு போகாதே.” பத்ரா அழ ஆரம்பித்தாள். “என் பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? இருபது வருஷமா ஊரு பேரெல்லாம் கூவறேன், என் பேர் மட்டும் வாயில வராது.”

“அழுதது போதும். போர்வையை எடு. லார்பி கடைக்குப் போறோம்.”

●

சந்தையில் லார்பியின் கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார்கள். சுவரோரம் அடுக்கிய ரிக்கார்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் அவள் பாட்டுதான் நகலாகிக்கொண்டிருந்தது. ஒன்றிலும் சத்தமில்லை. சிவப்பு விளக்குகள் மட்டும் அவள் விரல் போன இடத்திலெல்லாம் துள்ளின.

“வாங்க வாங்க,” என்றான் லார்பி. “நல்ல சேதி ஒண்ணு இருக்கு.”

“பேர் இருக்கு,” என்றாள் முக்தாரியா.

“என்ன பேர்?”

அவன் போட்டுக் கேட்டான். கேட்டு முடித்து நாற்காலியில் உட்கார்ந்தான். நெற்றியைத் துடைத்தான்.

“நானும் முழுசாக் கேட்டேனே. பாதி ராத்திரி வரைக்கும் கேட்டேன்.”

“எல்லாத்தையும் திரும்ப வாங்கிடு.”

“எங்கே போய் வாங்க? தெலெம்சன் பஸ்ல ஒரு பெட்டி போயிடுச்சு. பெல்-அப்பெஸுக்கு ஒண்ணு. அங்கே இருக்கிறவன் என்கிட்ட கேட்டா நகல் எடுப்பான்? தாய் டேப்பை அழிக்கலாம் அக்கா. குட்டிங்களை எங்கே போய்ப் பிடிப்பேன்?”

“நல்ல சேதின்னு சொன்னியே, அது என்ன?” என்று பத்ரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

லார்பி தயங்கினான். “விக்குது. அதுவும் அந்த இடத்துக்காகத்தான் விக்குது. மத்தவங்க எல்லாம் தொண்டை கிழியக் கத்துவாங்க. நீ காதுல சொல்ற மாதிரி சொல்றே. தன் பேரையே சொன்னதா நினைச்சு ஜனம் கிறுகிறுத்துப் போறாங்க.”

பயத்துக்காகப் போர்த்திய கம்பளி. அதற்குள்ளிருந்து வந்த குரலைத்தான் ஊர் விரும்பியிருந்தது. முக்தாரியாவுக்குச் சிரிப்பு வந்தது. உதடு அசையவில்லை.

“தாயையாவது அழி.”

“அழிச்சா அந்த இடத்து மெட்டும் போயிடும் அக்கா. பேரும் மெட்டும் ஒரே டேப்ல ஒட்டிக்கிட்டு இருக்கு.”

அந்த இடத்து மெட்டு. ஒளிந்திருந்த சுரம் முதல்முறையாகத் தப்பில்லாமல் வந்த இடம்.

“அழி,” என்றாள்.

அவன் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தினான். அழிந்த பிறகு திருப்பிப் போட்டுக் காட்டினான். பாட்டு போய்க்கொண்டிருந்தது; திடீரென்று மழை தூரத்தில் பெய்வதுபோல ஓர் இரைச்சல்; மறுபடி பாட்டு. அந்த இரைச்சலில் தன் பெயர் இல்லை என்பதை அவள் உறுதி செய்துகொண்டாள். ஆனாலும் அவளுக்கு அது கேட்டது.

●

அவர்கள் கட்டடத்தின் வாசலில் தையிப் நின்றுகொண்டிருந்தான்.

மேல்மாடியில் இருக்கும், ஹஜ் முடித்து வந்த ஹாஜா யமீனாவின் மகன். குளிர்காலம் வரைக்கும் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தவன். பிறகு வேலையை விட்டான், தாடி விட்டான், நாள்கணக்கில் காணாமல் போய்த் திரும்பி வர ஆரம்பித்தான். எங்கே போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. அவன் படியில் இறங்கினால் மற்றவர்கள் ஏதோ மறந்துவிட்டதுபோல வீட்டுக்குள் திரும்பிவிடுவார்கள். பெண்கள் எதிரே வந்தால் அவன் தரையைப் பார்ப்பான். பேச மாட்டான்.

இன்று நிமிர்ந்தான்.

“சலாம், முக்தாரியாக்கா.”

ஒதுங்கி வழி விட்டான். அவ்வளவுதான். பத்ராவின் நகங்கள் முக்தாரியாவின் முழங்கையில் பதிந்தன. படியேறி முடிக்கும்வரை இருவரும் பின்னால் திரும்பவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் பத்ரா பேசினாள்.

“பேர் சொன்னான் அண்ணி. எத்தனை வருஷம் பக்கத்துல இருக்கான், ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கானா?”

“சின்னப் பிள்ளையா இருக்கும்போது கூப்பிடுவான்.”

“இப்போ சின்னப் பிள்ளையா அவன்?”

●

ஹபீப் துறைமுகத்திலிருந்து வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டான். தொப்பியைக் கழற்றவில்லை. அவள் சொல்ல வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“தெரியும். கிரேன்காரன் காலைலேர்ந்து அதையே போட்டுட்டு இருக்கான்.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“எல்லாரும் ‘யார்டா இந்த முக்தாரியா’ன்னு கேட்டாங்க. நானும் கேட்டேன். என் பொண்டாட்டி பேரை நானே யாருன்னு கேட்டு, அவங்களோட சேர்ந்து சிரிச்சேன்.”

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அலமாரி மேலிருந்து பையை இறக்கிக் கட்டில்மேல் போட்டான்.

“துணி எடுத்து வை. அர்ஸேவ்ல என் பெரியக்கா வீட்டுக்குப் போயிடுவோம். பத்ராவும்தான். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பணும்.”

“எத்தனை நாளைக்கு?”

“பாட்டு பழசாகற வரைக்கும்.”

“அது பழசாகுமா அண்ணா?” என்றாள் பத்ரா.

“நீ பேசாதே. உன் வாய்க்கு ஒரு வருஷம் லீவு.”

முக்தாரியா துணியை எடுக்கவில்லை. குனிந்து கட்டிலடியிலிருந்து கம்பளிச் சுருட்டை இழுத்தாள்.

“அது வேண்டாம்,” என்றான் ஹபீப். “வழியில சோதனை போடுவாங்க. போலீஸ் நிறுத்தினா பரவாயில்ல. போலீஸ் உடையில வேற யாராவது நிறுத்தினா? பைக்குள்ள இது இருந்தா என்ன சொல்வே? தையல் மெஷின்னா?”

“இங்கே விட்டுட்டுப் போனா யாராவது உள்ளே வந்து பார்த்தா?”

“அப்போ கடல்ல போட்டுடறேன். துறைமுகத்துல ஆழமான இடம் எனக்குத் தெரியும்.”

“என்னையும் சேர்த்துப் போடுங்க.”

“அதைத்தான் வேற யாரோ செய்யப் போறாங்க முக்தாரியா. நான் தடுக்கப் பார்க்கறேன்.” தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். “நீ வாசிச்சதைக் கேட்டேன். கிரேன் மேலேர்ந்து. உன் விரல்னு தெரிஞ்சுது. பேர் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது.”

அவள் அவனைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவன் அவள் வாசித்துக் கேட்டதே இல்லை. விரல் தட்டும் ஓசைதான் அவனுக்குத் தெரியும்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

ஹபீப் விளக்கை அணைத்தான். அணைத்த பிறகுதான், இன்னும் சாயங்கால வெளிச்சம் இருக்கிறது, அணைத்துப் பயனில்லை என்பது அவனுக்கு உறைத்தது. பத்ரா இரும்பு உலக்கையை எடுத்துக்கொண்டாள்.

மறுபடி தட்டு. மெதுவாக, உள்ளங்கையால்.

“நான்தான். யமீனா.”

தையிப்பின் தாய்.

சங்கிலியை எடுக்காமல் முக்தாரியா கதவை ஒரு சாண் திறந்தாள். ஹாஜா யமீனா தனியாக நின்றாள். கையில் துணி போட்டு மூடிய ஒரு தட்டு.

“வெளியூர் கிளம்பறீங்களா?” அந்த இடைவெளியிலேயே பை அவள் கண்ணில் பட்டுவிட்டது.

“இல்ல ஹாஜா. துணி அடுக்கறோம்.”

“வியாழக்கிழமை என் சின்ன மகளுக்குக் கல்யாணம். தெரியுமில்ல? ஆம்பளைங்க பக்கம் குர்ஆன் ஓதுவாங்க, சாப்பிடுவாங்க, போயிடுவாங்க. பொண்ணுங்க எங்க மாடியில. ஜன்னலெல்லாம் அடைச்சுடுவோம்.” மூச்சு வாங்கினாள். “பொண்ணு ரெண்டு நாளா அழறா. பாட்டில்லாம மருதாணி வைக்கறது பிணத்தைக் குளிப்பாட்டிப் படுக்க வைக்கற மாதிரி இருக்குன்னு சொல்றா. நீ வந்து வாசிக்கணும்.”

பத்ரா உலக்கையை இறக்காமலே நின்றாள்.

ஹபீப் முன்னால் வந்தான். “இவ வாசிப்பான்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“கேசட் கேட்டேனே.”

“உங்க வீட்டுக்குக் கேசட் எப்படி வந்துச்சு ஹாஜா?”

“தையிப் கொண்டு வந்தான்.”

உலக்கை பத்ராவின் கையிலிருந்து நழுவி மெத்தைமேல் விழுந்தது.

“அவன் என்ன சொன்னான்?” என்றாள் முக்தாரியா. தன் குரல் இவ்வளவு அமைதியாக வந்தது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

“ஒண்ணும் சொல்லல. கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டான். உன் பேர் வர்ற இடத்துல நிறுத்தினான். திருப்பிப் போட்டான். மறுபடி நிறுத்தினான்.” ஹாஜா தட்டை இன்னொரு கைக்கு மாற்றினாள். “என் பிள்ளைதான். என் வயித்துல இருந்தவன்தான். ஆனா அவன் மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்சா சொல்லியிருப்பேன்.”

“அப்புறம் எப்படி என்னைக் கூப்பிடறீங்க?”

“அவன் வியாழக்கிழமை வீட்டுலதான் இருப்பான். தங்கச்சி கல்யாணம். கீழே ஆம்பளைங்களோட உக்காந்திருப்பான். எல்லார் பேரும் கூவும்போது அவன் பேரையும் பத்ரா கூவணும். சத்தமா. கீழே இருக்கற அவன் காதுல விழற மாதிரி.” ஹாஜா குரலைத் தாழ்த்தினாள். “அந்தப் பாட்டுல அவன் பேரும் இருந்துட்டா, அப்புறம் அவன் எங்கே போவான்? மலையில யார்கிட்ட போய் நான் நல்லவன்னு சொல்லுவான்?”

ஹபீப் பின்னாலிருந்து முக்தாரியாவின் தோளைத் தொட்டான். வேண்டாம் என்று அழுத்தினான். அவளுக்குப் புரிந்தது. வாசிக்கப் போகாவிட்டாலும் தையிப்புக்கு அவர்கள் வீடு தெரியும், பெயர் தெரியும். அர்ஸேவ் பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்பதும் தெரியும். போனால் அவன் தலைக்குமேல் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இரண்டு பக்கமும் அதே படிக்கட்டுதான்.

மேல்மாடியில் ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஹாஜா யமீனா திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

முக்தாரியா சங்கிலியை எடுத்தாள். கதவை முழுதாகத் திறந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

“உங்க வீட்டுல பிளக் எந்த அறையில இருக்கு ஹாஜா?” என்று கேட்டாள்.